ஒன்பதாவது புத்தகம்

திருக்காட்டுப்பள்ளி
30 ஜூலை 2025

அன்புள்ள ஃபிளோரா,

போன வாரம் அமிர்தம் அக்கா கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது இது: அந்தத் தவிட்டை நாங்கள் மாட்டுக்குப் போடவில்லை.

சொன்னது வேறு. "அன்னைக்கே போட்டுட்டேன்க்கா" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு முறத்தில் இருந்த உளுந்தைப் புடைக்கத் தொடங்கினார்.

நாம் பேசி மூன்று வருடமாகிறது. உங்கள் மடத்தில் போன் கிடையாது என்று உன் அம்மா சொன்னார்கள், ஆகவே கடிதம். நீ துறவாடை வாங்கிய நாளில் நான் வராததற்கும், உன் அம்மாவின் போனுக்கு அனுப்பிய அந்தச் செய்திக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைப் பிறகு கேட்கிறேன். இப்போது உன்னிடம் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது.

செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி நான் லீட்ஸ் போகிறேன். நான்கு வருட ஆய்வு. அப்பா அண்ணனோடு திருப்பூரில் இருக்கிறார். 2021 முதல் பூட்டிக் கிடந்த வீட்டை வாடகைக்கு விடுவதற்காக ஒழிக்க வந்தேன். பரணில் ஒரு தகரப் பெட்டி. சாவி கிடைக்காமல் பூட்டை உடைத்தேன். உள்ளே நம் புத்தகங்கள்.

நினைவிருக்கிறதா? பங்குப் பள்ளியின் அலமாரியைக் காலி செய்தபோது சிஸ்டர் நமக்குக் கொடுத்த ஆங்கிலக் கதைத் தொடர். குளிர் தேசத்துத் தெரு ஒன்றில் நான்கு பெண்கள், அக்கம்பக்கத்து வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் சங்கம் வைத்திருப்பார்கள். பன்னிரண்டு வயதில், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தோம். நடவுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக நாமும் ஒன்று தொடங்கினோம். பிள்ளைக் காவல் சங்கம். தலைவி நீ, செயலாளர் நான், வேறு உறுப்பினர் இல்லை.

இந்த வாரம் முழுக்க அவற்றைத் திரும்பப் படித்தேன். எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. ஜன்னல் திரையில் காரின் வெளிச்சம் விழும். அப்பாவும் அம்மாவும் வந்துவிடுவார்கள். கூலியை மேசையில் வைப்பார்கள். அந்தப் பெண் கோட்டை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவாள். சிறு வயதில் அந்தக் கடைசிப் பக்கங்களை நான் படித்ததே இல்லை என்று இப்போது தெரிகிறது. அவை மட்டும் புதுத்தாள் போல இருக்கின்றன.

அமிர்தம் அக்காவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் நாற்பது நாள் தாண்டவில்லை. மூன்றாவதாக எழில்மொழி பிறந்ததும் தவிட்டுக்கு வாங்குவது என்று முடிவு செய்தார்கள். பெற்றவளின் பிள்ளை என்று தெரிந்தால்தானே சாவு வந்து கேட்கும்? அதனால் பிள்ளையை முறத்தில் கிடத்தி வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாதவள் போல வந்து ஒரு படி தவிடு கொடுத்து விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். விற்றவள் திரும்பிப் பார்க்காமல் போய், பொழுது சாய்வதற்குள் அந்தத் தவிட்டை மாட்டுக்குப் போட வேண்டும். அப்போதுதான் விற்றது விற்றதாகும்.

விற்றவள் நான். "நீதாண்டி எந்நேரமும் புள்ளைங்களத் தூக்கிட்டுத் திரியற, நீயே வித்துடு" என்றார் அக்கா. பாவாடையில் தவிட்டை ஏந்திக்கொண்டு நான் நடந்தேன். கொல்லை முனையில் நீ என்னை நிறுத்தினாய். "துக்கம் நடந்த வீட்டில் கூலி வாங்கக் கூடாது" என்பது ஒன்பதாவது புத்தகத்தின் விதி என்றாய். யாரும் பார்க்காதபோது தவிட்டை அக்கா வீட்டுத் தவிட்டுப் பானையிலேயே திரும்பக் கொட்டிவிட்டோம்.

இது எனக்குச் சிரிப்பான நினைவாகத்தான் இருந்தது, போன வாரம் வரை. பூட்டிய வீட்டைத் திறக்க வந்தேன். பின்வாசல் படியில், நல்ல மத்தியான வெயிலில், பள்ளிச் சீருடையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். படியைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். சடை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரியும், அது என் பழக்கம். "வந்துட்டியா?" என்றாள். "எவ்ளோ நாளாச்சு."

அந்த எழில்மொழிக்கு இப்போது பதினேழு வயது ஆகப் போகிறது. நான் அவளோடு பத்து வார்த்தை பேசியிருப்பேனா என்பது சந்தேகம்.

அக்கா ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருக்கிறார். 2014 ஜூன், நான் சென்னைக்குக் கல்லூரிக்குப் போன மறுநாள். 2019 ஜூலை, ஐதராபாத் போன மறுநாள். 2021இல் நாங்கள் வீட்டைப் பூட்டிய மறுநாள் காய்ச்சலோடு வலிப்பும் வந்து, தஞ்சாவூரில் பன்னிரண்டு நாள் கிடந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட மோசம். "நீ பொட்டியத் தூக்குனா இது படுத்துக்குதுடி. இப்ப கடல் தாண்டிப் போறேங்கிற" என்றார். பிறகுதான் தவிட்டைப் பற்றிக் கேட்டார்.

பெட்டியில் பதினோரு புத்தகம்தான் இருக்கிறது. ஒன்பதாவது உன்னிடம் இருக்கிறதா? பச்சை அட்டை, மஞ்சள் வீட்டுப் படம் போட்டது. அந்த விதியை நீ எங்கே எடுத்துக் காட்டினாய் என்று பார்க்க வேண்டும்.

குந்தவை


கொடைரோடு
10 ஆகஸ்ட் 2025

குந்தவைக்கு,

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் கடிதம் எழுத நேரம். தலைமைச் சகோதரி படித்த பிறகே தபாலில் சேரும். ஆகையால் நீ கேட்டவற்றுக்கெல்லாம் நான் பதில் எழுத முடியாது.

"ஃபிளோராவைத் தவிட்டுக்கு வித்துட்டீங்களா ஆன்ட்டி?" உன் செய்தியை அம்மா வாழ்த்து என்று நினைத்து, விருந்துக்கு வந்திருந்த எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார்கள். பாதியில் புரிந்துகொண்டு நிறுத்தினார்கள். மன்னிப்பைப் பிறகு கேட்பதாக எழுதியிருக்கிறாய். சரி, பிறகே கேள்.

அந்தப் பெண்ணுக்கு வருவது காய்ச்சல். ஜூன், ஜூலையில் நம் பக்கம் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை? வலிப்புக்கு நரம்பு மருத்துவரிடம் காட்டச் சொல். தவிட்டுக்கு வாங்குவதெல்லாம் பெற்ற வயிற்றின் பயம். அதில் வேறு ஒன்றும் இல்லை.

இங்கே நான் குழந்தைகள் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகள் ஒன்பது பேர். தத்துக்குப் போகும் நாளில் ஒவ்வொன்றையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு வாசல் வரை போகக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஒன்பதாவது புத்தகம் என்னிடம் இல்லை.

சகோ. ஃபிளோரா


திருக்காட்டுப்பள்ளி
16 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஃபிளோரா,

மன்னிப்புக் கேட்கிறேன். நீ என்னிடம் சொல்லாமல் போனாய், அந்தக் கோபத்தில் கையில் கிடைத்த சொல்லை எறிந்தேன். ஊரில் ஒரே ஒருத்தியிடம்தான் நான் படித்ததைப் பேச முடிந்தது. அவளும் போன் இல்லாத இடமாகத் தேடிப் போய்விட்டாள்.

நரம்பு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

எழில்மொழி தினமும் பள்ளி விட்டதும் நேராக இங்கே வருகிறாள். பை, செருப்பு எல்லாம் என் வீட்டில் இருக்கின்றன. தெருவிலிருந்து அக்கா கூப்பிடுவார், "ஏ எழிலு, சாப்புட வாடி, இங்க ஒருத்தி ஒலை வச்சுட்டுக் காத்துக் கெடக்கேன்." இவள் அசைய மாட்டாள். நான் "போ" என்றால்தான் எழுந்திருப்பாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அக்காவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாளாம். "அமிர்தம், பசிக்குது. அமிர்தம், தலை பின்னிவிடு. ஊரே சிரிக்கும்டி. செல்லம்னு நெனச்சு நானும் சிரிச்சேன்" என்றார் அக்கா. இப்போது சிரிக்கவில்லை.

நேற்று விடுமுறை. மத்தியானம் நான் புத்தகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அவள் தரையில் குப்புறப் படுத்து, புத்தகங்களின் முதுகில் இருந்த எண்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். எட்டு. பத்து. விரல் நடுவில் நின்றது.

"இதுக்கு நடுவுல உள்ளதுல காரு வராதுல்ல?"

"எந்தக் காரு?"

"லைட்டு வராது. அப்பா அம்மா வரவே மாட்டாங்க. பாப்பா அந்த அக்காகூடயே இருந்துடும். நீதான சொன்ன."

"நான் எப்ப சொன்னேன்?"

அவள் யோசித்தாள். "நான் மொறத்துல கெடந்தப்ப" என்றாள். பிறகு, தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது போலச் சாதாரணமாக, "அம்மா, நீ போகாத" என்றாள்.

அவள் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறித் தேறுகிறவள். பெட்டியை உடைத்துத் திறந்தவள் நான். ஒன்பதாவதின் கதை அதுதான் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கதையை உன்னையும் என்னையும் தவிர இந்த ஊரில் யாரும் படித்ததில்லை.

நீ செய்ததை நீயே அக்காவிடம் சொல்லிவிடு, ஃபிளோரா. ஒரு கடிதம் போதும். விதி என்று சொன்னவள் நீ. நான் சொன்னால் பதினேழு வருடம் மறைத்ததாக ஆகும்.

குந்தவை


கொடைரோடு
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள குந்தவை,

போன கடிதத்தைத் தலைமைச் சகோதரியிடம் கொடுத்தபோது, "தவிடு என்றால் என்ன பொருளில் எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். தவிடு என்ற பொருளில்தான் என்றேன். அந்தத் தவிட்டுக்காக நான் ஏற்கெனவே நான்கு முறை சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். ஒரு சாமியார் "தவிடா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். அதே கடிதத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதியவளும் நான்தான். அதற்காக ஐந்தாவது முறை போனேன்.

நான் கொட்டினேன். அது உண்மை. உன் பாவாடையிலிருந்து அள்ளி அள்ளி நான்தான் பானையில் போட்டேன். ஆனால் நீ மறந்துவிட்ட ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் நான் உன்னை ஏமாற்றியவளாவேன்.

ஒன்பதாவது புத்தகம் நம்மிடம் ஒருபோதும் இருந்ததில்லை. சிஸ்டர் கொடுத்தபோதே பதினொன்றுதான். பச்சை அட்டையும் மஞ்சள் வீடும் பத்தாவது புத்தகத்தினுடையவை. எடுத்துப் பார். ஒன்பதாவதை எங்கிருந்தோ படித்துவிட்டு வந்ததாகச் சொல்லி, நடவு நாட்களில் ஆலமரத்தடியில் தூளிகளை ஆட்டிக்கொண்டே எனக்குச் சொன்னவள் நீ. அந்த விதியைச் சொன்னவளும் நீதான். நான் நம்பினேன். நீ நிறையப் படிப்பாய், எனக்கு அதில் ஒரு பெருமை.

கொல்லை முனையில் நான் உன்னை நிறுத்தவில்லை. நீயே நின்றாய். அழுதுகொண்டிருந்தாய். "இதத் திருப்பிக் குடுத்துட்டா புள்ள யாருது?" என்று கேட்டாய். நான் யோசிக்காமல் "அப்ப உன்னுதுதான்" என்றேன். நீ அழுகையை நிறுத்திவிட்டாய். பாவாடையை விரித்துக் காட்டினாய். "நீ கொட்டு" என்றாய்.

நம் சங்கத்து நோட்டு எங்கே? வேலைகளை எல்லாம் நீதான் எழுதி வைப்பாய். அதைத் தேடு.

ஃபிளோரா


திருக்காட்டுப்பள்ளி
30 ஆகஸ்ட் 2025

ஃபிளோரா,

பத்தாவது புத்தகத்தின் அட்டை பச்சை. வீடு மஞ்சள்.

நோட்டு தகரப் பெட்டியின் அடியில், விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே இருந்தது. நாற்பத்திரண்டு வேலைகள் எழுதியிருக்கிறேன். பிள்ளையின் பெயர், தாயின் பெயர், கூலி. கூலி என்பது வெள்ளரிப் பிஞ்சு, வேர்க்கடலை, ஒரு முறை ஒரு ரிப்பன். நடுவில் பதினாறு பக்கத்துக்கு ஒன்பதாவது புத்தகம், என் கையெழுத்தில். கார் வரவில்லை. விதி அதன் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தவிடு வாங்கிய நாளுக்கு முந்தைய தேதி போட்டிருக்கிறேன்.

கடைசி வேலை எழில்மொழி. கூலி: திருப்பித் தரப்பட்டது. தாயின் பெயர் என்ற இடத்தில் அமிர்தம் என்று எழுதி, ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் குந்தவை என்று எழுதியிருக்கிறேன்.

அதை மூடி வைத்தேன். பயமாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. மற்றப் பாதியை உனக்கு மட்டும் எழுதுகிறேன், உங்கள் தலைமைச் சகோதரியும் படித்துக்கொள்ளட்டும். அவள் அம்மா என்று கூப்பிட்டபோது எனக்கு அது பிடித்திருந்தது. மறுநாள் அவள் வரக் கொஞ்சம் தாமதமானபோது வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

டிக்கெட் வந்துவிட்டது. அதை அச்செடுத்து மேசையில் வைத்த அன்று மாலையே அவளுக்கு உடம்பு சுடத் தொடங்கியது. நான் இன்னும் கிளம்பக்கூட இல்லை.

பயணத்தை நிறுத்திவிடலாமா? நான் இங்கேயே இருந்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாதே.

குந்தவை


கொடைரோடு
7 செப்டம்பர் 2025

அன்புள்ள குந்தவை,

இருந்துவிடலாம். அப்படித்தான் நீ எழுதிய புத்தகமும் முடிகிறது.

அமிர்தம் அக்காவிடம் போ. நானும் கூட இருந்தேன், கொட்டியவள் நான் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல். அவர்கள் திட்டட்டும். விலை இன்னும் கொடுத்து முடியவில்லை, அவ்வளவுதானே? வாங்கிக்கொள். இந்த முறை மாட்டுக்குப் போடு.

அதன் பிறகு அவள் உன்னிடம் வராமல் போகலாம். உனக்குப் பயம் அதுதான் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேர் தத்துக்குப் போய்விட்டார்கள். நான் வாசல் வரை போகவில்லை.

ஃபிளோரா


லீட்ஸ்
23 செப்டம்பர் 2025

அன்புள்ள ஃபிளோரா,

உன் கடிதம் பதினோராம் தேதி கிடைத்தது. அன்றே போகவில்லை. இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். அதற்குள் எழில்மொழிக்குக் காய்ச்சல் நூற்று நான்கு. தஞ்சாவூருக்கு ஆட்டோ சொல்லியிருந்தார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். அடித்து எழுதிய இடத்தில் அக்கா விரலை வைத்தார். "பன்னெண்டு வயசுலயா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன். "அதான பாத்தேன். பதினேழு வருசமா எம் புள்ளைக்கு நான் ஆயா வேல பாத்திருக்கேன்" என்றார். பிறகு கணவரைப் பார்த்துக் கத்தினார். "என்னங்க, நின்னுகிட்டு இருக்கீங்க, போயித் தவுடு வாங்கிட்டு வாங்க!"

பஞ்சநதம் மாமா வண்டியில் போய் ஒரு மூட்டை மாட்டுத் தீவனம் வாங்கி வந்தார். "இது தவுடாங்க? இதுல பாதி கெமிக்கலு." "இப்ப எவன் வீட்டுல தவுடு இருக்கு? மில்லுத் தவுடெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்குப் போயிருதுடி." "மில்லுக்காரன் கால்ல விழுந்து வாங்கிட்டு வாங்க. நான் கொறஞ்ச வெலைக்கு வாங்க மாட்டேன்." மாமா மறுபடி போனார். ஒன்றரை மணி நேரம். நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அனல் என் புடவையைத் தாண்டி வந்தது.

மாமா தவிடு கொண்டுவந்ததும், அக்கா முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு தெருமுனை வரை போனார். முன்பின் தெரியாதவள் போலத் திரும்பி வந்து, தன் வீட்டு வாசலில் தானே நின்று கேட்டார்.

"வீட்டுல யாருங்க? புள்ள வெலைக்கு வருமாங்க?"

எழில்மொழி கண்ணைத் திறக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. "சொல்லாத" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அக்கா இன்னொரு முறை கேட்டார். அவர் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் அந்த 'ங்க'வை விடவில்லை. நான் தெரியாதவள், அவரும் தெரியாதவர்.

"வரும்ங்க" என்றேன்.

ஒரு படி தவிடு என் மடியில் விழுந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். எழுந்து நடந்தேன். பின்னால் அக்கா அவளைத் தூக்கி உட்கார வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பக்கிரி தாத்தா வீட்டு மாட்டுக்கு முன்னால் மடியை விரித்தேன். அது ஒரு தூள் விடாமல் தின்றுவிட்டு, என் கையையும் நக்கிச் சுத்தம் செய்தது. வெயில் இன்னும் இருந்தது.

புத்தகங்களை உன் இல்லத்துக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். பதினொன்றும் இருக்கின்றன. பிள்ளைகள் வளர்ந்ததும் படிக்கட்டும். நோட்டை அக்கா வாங்கிக்கொண்டார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

பதினெட்டாம் தேதி மதியம் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அக்காவும் எழில்மொழியும் காய்கறிப் பையோடு எதிரே வந்தார்கள். அவள் இளைத்திருந்தாள். சடை நுனி முதுகில் கிடந்தது. "அம்மா, இந்தப் பைய நீ வச்சுக்க, கை வலிக்குது" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னருகில் வந்ததும் அக்கா நின்றார். அதனால் அவளும் நின்று, ஊருக்குப் புதிதாக வந்தவர்களிடம் பேசும் மரியாதையோடு கேட்டாள்: "எந்த ஊருங்க நீங்க? யாரு வீட்டுக்கு வந்தீங்க?"

அக்கா தரையைப் பார்த்தார். சும்மா வந்தேன் என்றேன். பஸ் வந்தது.

மறுநாள் விமானம் ஏறினேன். நேற்று அக்காவிடம் போனில் கேட்டேன். எழில்மொழிக்குக் காய்ச்சல் வரவில்லை.

குந்தவை